ஐந்து மில்லி உப்புநீர்

இந்திய மருத்துவமனைகளில் உள்நோயாளியாகச் சேர்வோர் பலரின் கையில் முதலில் ஏறுவது கான்யூலா. பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என நிறத்தால் அளவு அறியப்படும் அந்த நெகிழிக் குழாயை 'வென்ஃப்ளான்' என்றே வார்டுகளில் அழைப்பர். அதைச் செருகும்போது காட்டப்படும் கவனத்தில் பாதிகூட, பின்னர் அதைப் பேணுவதில் காட்டப்படுவதில்லை.

மருந்துக்கு முன் சிறிது உப்புநீரைச் செலுத்தினால், குழாய் சிரைக்குள்தான் இருக்கிறதா, வீக்கமோ வலியோ எழுகிறதா என்பது தெரிந்துவிடும். மருந்துக்குப் பின் செலுத்தினால், குழாயில் தேங்கிய எச்சம் அடுத்த மருந்தோடு கலக்காது. இக்கலப்பு அற்பமானதன்று. வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின், டெக்ஸ்ட்ரோஸ் கரைசலில் படிகமாகிவிடும். செஃப்ட்ரியாக்சோன் கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிப் பச்சிளங்குழந்தைகளின் உயிரைப் பறித்ததும் உண்டு.

செலுத்தும் முறையும் முக்கியம். ஒரே மூச்சில் தள்ளாமல் விட்டுவிட்டு அழுத்தினால், நீர் சுழன்று குழாயின் உட்சுவரைக் கழுவும். சிறிய சிரிஞ்சு மிகுந்த அழுத்தம் தருமாதலால் 10 மில்லி சிரிஞ்சே தகும். அடைபட்ட குழாயை வலிந்து தள்ளித் திறப்பது தேர்ச்சியன்று. உறைகட்டியை இரத்தவோட்டத்துக்குள் அனுப்பும் செயல். பெரியவர்களின் கைச்சிரைக் குழாய்க்கு ஹெப்பாரினும் தேவையில்லை. வெறும் உப்புநீரே போதும் என்பது 1990களிலேயே தெளிவாகிவிட்டது.

ஆனால் அந்த உப்புநீர் எங்கிருந்து வருகிறது? காலையில் திறந்த 100 மில்லி சலைன் பாட்டிலின் மூடியில் ஓர் ஊசியைக் குத்திவைத்து, பல நோயாளிகளுக்கும் அதிலிருந்தே உறிஞ்சும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஒருமுறை கிருமி புகுந்தால், அடைப்பைத் தடுக்க வந்த நீரே தொற்றைப் படுக்கை படுக்கையாகக் கொண்டுசெல்லும்.

இதற்குச் செவிலியரைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. இரவில் ஒரு வார்டு முழுவதையும் ஒருவரோ இருவரோ பார்க்குமிடத்தில், மருந்துச் சீட்டில் எழுதப்படாத வேலை முதலில் விடுபடும். உப்புநீர் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை.

நிரப்பிய சிரிஞ்சுகள் விலை மிகுந்தவை என்று நிர்வாகங்கள் சொல்வது உண்மையே. அதற்காகப் பொதுப் பாட்டிலுக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஒருமுறை மட்டும் பயன்படும் 10 மில்லி சலைன் ஆம்பூல்கள் மலிவானவை. ஒவ்வொரு குழாய்வழி மருந்துக்கும் எதிரே உப்புநீரையும் நேரத்தோடு எழுதுவதும், ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தே ஆம்பூலையும் வார்டுக்கு வழங்குவதும் எந்த மாவட்ட மருத்துவமனையாலும் இயலும்.