புகார் வரவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று ஆகாது

நெசவு ஊரான தேவிகாபுரத்தில் தறியைப் பற்றிப் பேச்செடுத்தால் கூலி உயர்வு வரும், ஜரிகை விலை வரும், விசைத்தறிப் போட்டி வரும். வேலையில் படும் அடியும் பிடிக்கும் நோயும் மட்டும் பேச்சில் வராது. கேட்டால், "நெசவுல என்னங்க ஆபத்து? இதுவரைக்கும் யாராவது புகார் குடுத்திருக்காங்களா?" என்ற கேள்விதான் பதிலாக வரும். முதலாளி தரப்பில் தொடங்கிய இந்த வாதத்தை இன்று நெசவாளர்களிலும் பலர் நம்பிவிட்டார்கள். இதற்குத் துணையாகச் சொல்லப்படும் ஐந்து காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஐந்துமே நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

1. "நெசவு ஆபத்தில்லாத தொழில்"

குழித்தறியில் நெய்பவருக்குக் கால் இரண்டும் குழிக்குள், முதுகு வளைந்து, கண் இழைமேல். தலைக்கு மேலே, சேலையில் வடிவம் எழுப்பும் ஜக்கார்டு பெட்டி. அதைத் தாங்கும் சட்டம் தளர்ந்தால் பெட்டி விழுவது அவர் மேல்தான். மிதிக்கும் பாரத்தைக் குறைக்க இப்போது பல தறிகளில் மோட்டார் பொருத்தியிருக்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும். எர்த் சரியில்லாத மோட்டாரும் ஒட்டுப்போட்ட ஒயரும் மேலே இருக்க, ஈரத்தில் கால் வைத்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சிறு மின்கசிவு போதும்.

சாயப்பட்டறையில் பட்டின் பசை போகச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள், அமிலம் சேர்த்துச் சாயம் ஏற்றுகிறார்கள். கையுறை போடாத கையும் ஆவியை முகரும் நெஞ்சும் அதன் விலையைக் கொடுக்கின்றன. விசைத்தறிக் கூடத்தில் எகிறிப் பாயும் நாடா, மூடியில்லாத பெல்ட், காதை அடைக்கும் இரைச்சல். இவற்றில் பல, மறுநாள் பேப்பரில் வரும் விபத்துகள் அல்ல. இடுப்பும் காதும் கண்ணும் பல வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். கடைசியில் "வயசாயிடுச்சு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

2. "வீட்டுக்குள் நடக்கும் வேலையில் அரசு எப்படித் தலையிடும்?"

அரசு எப்போதோ வீட்டுக்குள் வந்துவிட்டது. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1000 யூனிட்டும் இலவச மின்சாரம் கிடைக்கிறது. 2023இல்தான் இவை 200, 750இலிருந்து உயர்ந்தன. அந்தச் சலுகைக்காகத் தறிகள் எண்ணப்படுகின்றன. கைத்தறிக்கென 11 ரகங்களை ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒதுக்கப்பட்ட சேலையை விசைத்தறியில் நெய்வதாகத் தகவல் வந்தால் அமலாக்க அதிகாரிகள் கூடத்துக்கே வந்து சோதிக்கிறார்கள். நம் ஆரணி வட்டார நெசவாளர்கள் இந்த மீறலை எதிர்த்துப் புகார் கொடுத்தவர்கள், தெருவில் இறங்கிப் போராடியவர்கள். எனவே நம் ஆட்களுக்குப் புகார் கொடுக்கத் தெரியாது என்பதும் பொய். ரகத்தைச் சோதிக்க உள்ளே வரும் அரசு, அதே கூடத்தில் மூடியில்லாமல் ஓடும் பெல்ட்டையும் பார்க்கலாம்.

3. "சட்டம் நமக்குப் பொருந்தாது"

இதில் பாதி உண்மை உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர், பயன்படுத்தாத இடத்தில் 20 பேர் என்று வரம்பு வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தொழிற்சாலைக்கான அந்த வரம்பை 20, 40 என்று உயர்த்திவிட்டது. நான்கைந்து பேர் வேலை செய்யும் கூடங்களுக்கு இது பெரிய அநீதி.

மறு பாதியையும் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தின் 85ஆம் பிரிவு, ஆள் எண்ணிக்கை குறைந்த இடத்தையும் தொழிற்சாலையாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. குடும்பத்தார் மட்டும் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அதில் விலக்கு. கூலிக்கு ஆள் வைத்தவருக்கு அந்த விலக்கு கிடையாது. புதிய தொகுப்பும், உயிருக்கு ஆபத்தான வேலை நடக்கும் இடமென்றால் ஆள் எண்ணிக்கை பார்க்காமல் அரசு அறிவிக்கலாம் என்கிறது. அதிகாரம் கையில் இருக்கும்போது "சட்டம் பொருந்தாது" என்பது நொண்டிச்சாக்கு.

4. "பெயர் வெளியே வந்தால் பாவு கிடைக்காது"

ஐந்தில் மிக நேர்மையான வாதம் இது. முதலாளியிடம் முன்பணம் வாங்கியவருக்கு நெய்வதற்கான பாவு நூல் வருவதும் அங்கிருந்துதான், கூலி வருவதும் அங்கிருந்துதான். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இந்தப் பயத்தைச் சட்டம் அறியாமல் இல்லை. போபால் ஆலையில் 1981 டிசம்பரில் நச்சுவாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். தொழிற்சங்கங்கள் எச்சரித்தன, யாரும் காது கொடுக்கவில்லை. 1984இல் அதே ஆலையின் வாயுக்கசிவு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன்பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். பாதுகாப்புக் குறையை ஆய்வாளரிடம் தொழிலாளி நேரடியாகச் சொல்லும் உரிமையை 111ஏ பிரிவு தந்தது. புகார் சொன்னவர் யார் என்பதையும், புகாரின் பேரில்தான் ஆய்வுக்கு வந்திருக்கிறோம் என்பதையும் ஆய்வாளர் வெளியிடக்கூடாது என்றது 118ஏ பிரிவு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கையும் இதையே கேட்கிறது. அதை இந்தியா 1949லேயே ஏற்றுக்கொண்டது.

ஆனால் நாலு தெருவும் ஒருவரையொருவர் அறிந்த ஊரில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. யார் சொல்லியிருப்பார் என்று ஊகித்துவிடுவார்கள். அதனால் தனி ஆள் புகாரைவிடக் கூட்டுப் புகாரே காப்பு. திண்டுக்கல் ஆலைத் தொழிலாளருக்காக 2022 ஏப்ரலில் கையெழுத்தான ஒப்பந்தம் இதற்குச் சான்று. பாலியல் வன்முறையைத் தடுக்க உருவான அந்த ஏற்பாட்டில், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் முயற்சியால், ஆடை ஆலையில் 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம் பெண் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாக அமர்ந்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடையும் அதில் இருந்தது. அதுவரை வாய் திறக்காதவர்கள் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள், அவற்றில் பெரும்பாலானவை தீர்ந்தன. பக்கத்திலேயே, நம்பக்கூடிய ஒருவர் கேட்டால் தொழிலாளி பேசுவார்.

5. "அதிகாரி வந்தால் தறியை மூடிவிடுவார்"

குறையைக் கண்டால், இன்ன தேதிக்குள் சரிசெய் என்று எழுத்தில் உத்தரவிடுவதே ஆய்வாளரின் வழக்கமான நடவடிக்கை. உடனடி உயிராபத்து இருந்தால்தான், சரிசெய்யும்வரை அந்த இயந்திரத்தை இயக்கத் தடை வரும். நம் கூடங்களுக்குத் தேவைப்படுவதும் பெரிய செலவில்லை. ஒழுங்கான எர்த், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச், பெல்ட்டுக்கு மூடி, ஜக்கார்டு பெட்டிக்கு இரண்டாவது பிடிப்பு, ஈரம் ஏறாத குழி, சாயம் போடுபவருக்குக் கையுறையும் காற்றோட்டமும். ஒரு நெசவாளியின் கை போனால் அந்தத் தறி எத்தனை மாதம் சும்மா நிற்கும் என்று கணக்குப் பார்த்தால், எது செலவு என்பது விளங்கும்.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. கைத்தறித் துறை அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பாதுகாப்புக் குறைகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து, வரும் புகார்களைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் அனுப்ப வேண்டும். கூலி ஆள் வைத்த விசைத்தறிக் கூடங்களையும் சாயப்பட்டறைகளையும் எண்ணிக்கை பார்க்காமல் சட்ட வரம்புக்குள் அரசு கொண்டுவர வேண்டும். அதுவரை, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் பத்துப் பேராகச் சேர்ந்து மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைக்க வேண்டும். கூலி உயர்வுக்காக ஒன்றுதிரளத் தெரிந்த ஊர் இது. அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கங்கள் இந்தக் கோரிக்கைகளையும் பட்டியலில் எழுதிக்கொண்டு போகட்டும்.