துக்க வீட்டில் சோதிக்கப்படும் விசுவாசம்

துக்க வீட்டுக்கும் நோயாளியின் படுக்கைக்கும் போய்ப் பார்ப்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் விட்டுவிடக் கூடாத கடமையாகவே கருதுகிறார்கள். ஆனால், அங்கே போனதும் பலருடைய வாயில் முதலில் வருவது, ‘எல்லாம் கர்த்தருடைய சித்தம்’ என்பதுதான். நோய் நீண்டுகொண்டே போனால், ‘இன்னும் விசுவாசத்தோடு ஜெபியுங்கள்’ என்ற அறிவுரையும் சேர்ந்துகொள்ளும். சொல்பவர்களுக்குத் தீய எண்ணம் கிடையாது. ஆனாலும், ஏற்கெனவே நொந்திருப்பவர் தன் விசுவாசக் குறைவால்தான் இது வந்ததோ என்ற குற்றவுணர்வையும் சுமக்கத் தொடங்குகிறார். துன்பம் ஏன் வந்தது என்று விளக்குவதற்கு விசுவாசம் அவசரப்பட வேண்டியதில்லை. துன்பப்படுகிறவருக்கு என்ன தேவை என்று கேட்டு, அதைச் செம்மையாகச் செய்து முடிப்பதில்தான் அதன் உண்மை வெளிப்படுகிறது.

வேதாகமமே இதற்கு ஆதாரம். யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பாவம் செய்யாதவனுக்கு இந்தக் கதி வருமா என்று கடவுளின் சார்பாக வாதாடத் தொடங்கியதும் அந்த நட்பே சித்திரவதையாக மாறியது. கடவுள் யோபுவையும் கேள்விகளால் மடக்குகிறார். ஆனால், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அவர் கோபம் கொள்வது அந்த நண்பர்கள் மீதுதான். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அவனுடைய சகோதரிகளின் துயரத்தில் கலந்து கண்ணீர் விட்டார். உணவும் உடையும் இல்லாதவரை வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவதால் என்ன பயன் என்று யாக்கோபு நிருபம் நேராகவே கேட்கிறது.

இந்தப் போதனையை மருத்துவ முறையாகவே ஆக்கியவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். செவிலியாகவும் பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்த அவர், 1945இல் ஆழமான கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தவர். மரணத்தை நெருங்கியவர்களை மருத்துவர்களே கைவிடுவதைக் கண்டு, மருத்துவம் படித்து 1957இல் தாமே மருத்துவரானார். புற்றுநோயாளி வலியில் துடித்துக் கேட்கும்வரை மார்ஃபின் தராமல் காத்திருப்பதே அன்றைய வழக்கம். வலி திரும்புவதற்கு முன்பே, அளவாக, குறித்த நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். நோயாளிகள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டதால், உடல்வலியோடு மனக்கலக்கமும் குடும்பக் கவலையும் ஆன்மிகத் தவிப்பும் பின்னிக் கிடப்பதைக் கண்டுகொண்டார். 1967இல் லண்டனில் அவர் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லத்திலிருந்தே இன்றைய நோய் ஆதரவுச் சிகிச்சை உலகெங்கும் கிளை விரித்தது. அவருடைய ஜெபத்துக்கும் மருந்தின் அளவைப் பற்றிய அவருடைய கவனத்துக்கும் இடையே பிளவு இருக்கவில்லை.

சுவிசேஷம் சொல்லாத சேவை வெறும் சமூகப் பணிதானே என்று விசுவாசிகளில் சிலர் கேட்பார்கள். ஆறுதல் என்பதே மதமாற்றத்துக்கான தூண்டில் என்று வெளியிலிருந்து வேறு சிலர் குற்றம்சாட்டுவார்கள். இருவருக்கும் பதில் ஒன்றுதான்: கைம்மாறு எதிர்பார்க்கும் ஆறுதல், துன்பப்படுகிறவரைக் கருவியாக்கிவிடுகிறது. பலவீனமாகக் கிடப்பவரிடம் சம்மதம் வாங்குவது அன்பாகாது. சாண்டர்ஸின் இல்லம் தன் கிறிஸ்தவ அடித்தளத்தை மறைத்ததில்லை. எந்த மதத்தினருக்கும், மத நம்பிக்கையே இல்லாதவர்களுக்கும் அதன் கதவு திறந்தே இருந்தது. அந்த இல்லத்துக்கென முதன்முதலில் 500 பவுண்டு விட்டுச்சென்றவர், 1948இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் இறந்த போலந்து யூத அகதியான டேவிட் டாஸ்மா. நோயாளி கடவுளைப் பற்றிக் கேட்டால் பேசலாம், ஜெபிக்கச் சொன்னால் ஜெபிக்கலாம். ஆனால், எதைப் பேசுவது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அநீதியை எதிர்க்காமல் கண்ணீரை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பது போதுமா என்ற கேள்வி இவற்றைவிட வலுவானது. போதாதுதான். ஆனால், அருகில் உட்கார்ந்து கேட்பவருக்குத்தான் அநீதி எங்கே இருக்கிறது என்பது தெரியவருகிறது. இந்தியாவில் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால், மருத்துவத் தேவைக்கான மார்ஃபினும் கிடைப்பது அரிதாயிற்று. நோயாளிகளின் வலியைக் கண்கூடாகப் பார்த்தவர்கள் நீண்ட காலம் போராடியதால்தான் 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நோய் ஆதரவுச் சேவையை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. இரவில் விழித்திருக்கவும், பராமரிப்பவரைச் சற்று ஓய்வெடுக்க விடவும், மருந்து வாங்கி வரவும் அக்கம்பக்கத்து மனிதர்கள் அப்போதும் தேவைப்படுவார்கள். வீடு சந்திக்கச் செல்லும் குழுக்களுக்குச் சபைகள் முறையான பயிற்சி தரட்டும். கன்வென்ஷன் பந்தலுக்கு ஒதுக்கும் அக்கறையையும் பணத்தையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் ஒதுக்கட்டும். ஒரு சபையின் விசுவாசம் மெய்யா என்று கேட்டால், அதற்குச் சாட்சி சொல்லும் உரிமை அந்தத் தெருவில் துன்பப்படுகிறவர்களுக்கே உண்டு.