மூன்றாகப் பிரித்தாலும் மீட்டர் அப்படியே

1957-இல் தொடங்கிய மின்சார வாரியத்தை 2010-இல் பிரித்தார்கள். 2024-இல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று மறுபடியும் பிரித்தார்கள். இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: ஒரு கோப்பை மூன்று கட்டாகக் கட்டிவிட்டால் அது முடிந்த கோப்பு ஆகாது.

செங்கல்பட்டில் நம் வீட்டு மீட்டரை இன்றும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறார்கள். இலவச 100 யூனிட் போக, 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய்! பிறகு விகிதம் ஏறியது; இந்தப் பொறி மட்டும் மாறவில்லை. கணக்கெடுப்பவர் நான்கு நாள் தாமதமாக வந்தாலே போதும், கோட்டைத் தாண்டிவிடுவோம்.

மாதாமாதம் கணக்கெடுத்து வரம்பை 250 ஆக்கினால், ஏப்ரலில் 210, மே வெயிலில் 300 என்று ஓடும் வீட்டுக்கு மே மாதம் மட்டுமே மேல்விகிதம். இப்போதோ இரண்டும் சேர்ந்து 510 ஆகி, சிக்கனமாக இருந்த ஏப்ரலுக்கும் தண்டம்.

2021 தேர்தலில் இது வாக்குறுதியாக வந்தது. ஆள் போதாது என்கிறார்கள். பக்கத்துக் கல்பாக்கத்தில் 1984 முதல் அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கிறோம். மாதம் ஒருமுறை மீட்டர் பார்க்க ஆள் கிடைக்காதா?

வாரியத்தின் கடன் பெரியதுதான். அதைத் தீர்க்க வேண்டுமானால் விகிதத்தை வெளிப்படையாக உயர்த்தட்டும். காலண்டருக்குப் பின்னால் ஒளிந்து வசூலிக்க வேண்டாம்.