நுழைவுச் சீட்டா, சூதாட்டச் சீட்டா?

கிரிக்கெட் பார்க்க ஆசைப்படுவது குற்றமா? இல்லை. பீளமேட்டு நூற்பாலையில் பஞ்சுத் தூசியை விழுங்குபவனுக்கும், கணபதி வார்ப்படப் பட்டறையில் அனலில் வேகிறவனுக்கும், ஆண்டில் ஒரு நாள் ஆட்டம் பார்க்க உரிமை உண்டு. அந்த உரிமையைப் பறித்தவர் யார்? பறித்த கையோடு அவன் கையில் பகடையைத் திணித்தவர் யார்? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

கோவையிலிருந்து சேப்பாக்கம் 500 கிலோமீட்டர். அங்கே இருப்பதோ சுமார் 38,000 இருக்கைகள். ஐ.பி.எல். சீட்டு கைப்பேசியில் விற்பனைக்கு வருகிறது. வந்த வேகத்தில் 'தீர்ந்தது' என்கிறது திரை. பிறகு அதே சீட்டு கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்குத் தலைநீட்டுகிறது!

நேர்வழியில் கிடைத்தாலும் நிம்மதி உண்டா? 2025 செப்டம்பர் 22 முதல் ஐ.பி.எல். நுழைவுச் சீட்டுக்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு. ஆயிரம் ரூபாய்ச் சீட்டுக்கு 1,400 ரூபாய் அழ வேண்டும். சூதாட்ட விடுதிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் அதே 40 விழுக்காடு! ஆட்டம் பார்ப்பவனையும் சூதாடுபவனையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறது மத்திய அரசு.

சீட்டுக்காகக் கண்விழிக்கும் அந்தத் திரையிலேயே வலையும் விரிகிறது. உள்ளே இடமில்லையா, கவலை வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே பந்தயம் கட்டு என்று பசப்புகிறது. திருப்பூரில் சனிக்கிழமை வாங்கிய கூலி, ஞாயிறு இரவு ஆட்டம் முடிவதற்குள் கரைகிறது. விட்டதைப் பிடிக்கக் கந்துவட்டி. கந்துவட்டியை மறைக்கப் பொய். கடைசியில் மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடையில்!

திறமை ஆட்டமாம் இது! கட்டிய பணத்தில் நடத்துகிறவன் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்வான். மிச்சத்துக்குத்தான் ஆடியவர்கள் அடித்துக்கொள்ள வேண்டும். யாருக்குத் திறமை இருந்தாலும் கல்லாப்பெட்டி மட்டும் தோற்பதில்லை.

இந்தத் 'திறமை' வாதம் புதிதல்ல. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழகம் 1974இல் சட்டம் செய்தது. 1996இல் உச்சநீதிமன்றம் அதைத் திறமை ஆட்டம் என்றது. இணையச் சூதைத் தடுத்த சட்டம் 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தில் வீழ்ந்தது. 2022 அக்டோபரில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றிய பிறகே, 2023 ஏப்ரலில் கையெழுத்து வந்தது. அந்த நவம்பரிலேயே ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று தப்பித்துக்கொண்டன!

டெல்லி விழித்ததோ 2025 ஆகஸ்டில். பண ஆட்டம் நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்? பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை நடத்திய டிரீம்11, 2020இல் ஐ.பி.எல். போட்டிக்கே பெயர் சூட்டியது. 2023 முதல் இந்திய அணியின் சட்டையிலேயே அதன் பெயர். பழக்கியவர்கள் அவர்கள், பழி தொழிலாளிக்கா?

முன்வாசல் அடைபட்டது, வெளிநாட்டுச் செயலிகள் புழக்கடை வழியே நுழைகின்றன. தோழர்களே, காவலுக்கு நாம் நிற்க வேண்டும். சீட்டில் ஒரு பங்கை மாவட்டந்தோறும் நேரடியாக விற்கக் கோருவோம். சூதில் சிக்கிய தோழனை ஏசாமல் மீட்போம். மோசடி நடந்தால் 1930 எண்ணுக்கு உடனே சொல்வோம். ஆட்ட நாளில் சங்க அலுவலகத்தைத் திறந்து வைப்போம். எல்லோரும் கூடிப் பார்ப்போம். காசு வைக்காமல் பார்ப்போம்!