குடும்பப் பெயர் எதை அளக்கும்?

மாணவ நண்பர்களே, காந்தப் பாயத்தின் அலகு எது என்று கேட்டால் 'வெபர்' என்று உடனே விடை சொல்வீர்கள். வில்ஹெல்ம் வெபர் என்ற ஜெர்மானிய இயற்பியல் அறிஞரின் நினைவாக இட்ட பெயர் அது. ஜெர்மன் மொழியில் 'வெபர்' என்றால் நெசவாளி. அப்படியானால் அவர் நெசவாளர் வீட்டுப் பிள்ளையா? அல்லர். 1804-ல் விட்டன்பெர்க் நகரில் அவர் பிறந்தபோது அவருடைய தந்தையார் இறையியல் பேராசிரியர். குடும்பத்தில் தறி இல்லை. பெயரில் மட்டும் நெசவு இருந்தது.

நம்மில் பெரும்பாலோர் தந்தை பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்கிறோம். அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஜெர்மானியரின் குடும்பப் பெயரோ தந்தையிடமிருந்து மக்களுக்கு அப்படியே இறங்கி வருவது. ஏறத்தாழ 12-ஆம் நூற்றாண்டு முதல் அங்கே நகரங்கள் பெருகின. ஒரே தெருவில் பல யோஹான்கள், பல ஹைன்ரிக்குகள். அவர்களைப் பிரித்து அறியத் தொழிலோ, ஊரோ, உருவமோ அடையாளமாயிற்று. மாவரைப்பவர் ம்யூல்லர், கொல்லர் ஷ்மிட், குள்ளமானவர் க்ளைன், ஆடனௌ என்ற ஊரிலிருந்து வந்தவர் ஆடனௌவர். ஆலை இருந்த ஊரிலெல்லாம் ஒரு ம்யூல்லர் உண்டு. ஆகவே இரண்டு ம்யூல்லர்கள் சந்தித்தால் அவர்கள் உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி ஒரு பெயரைப் பின்தொடர்ந்து போவோம். 'ஐசன்' என்றால் இரும்பு. 'ஹௌவர்' என்றால் வெட்டுபவர். இன்றைய ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்தில், பிரான்சு எல்லையை ஒட்டி, கார்ல்ஸ்புருன் என்ற சிற்றூர் உள்ளது. அங்கிருந்து 1741-ல் ஹான்ஸ் நிக்கலாஸ் ஐசன்ஹௌவர் என்பவர் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அந்நாளில் ஜெர்மானியக் குடியேறிகளில் பெரும்பாலோர் ரைன் நதி வழியாக ராட்டர்டாம் துறைமுகம் சென்று, அங்கிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து பிலடெல்பியாவை அடைந்தனர். 1727 முதல் அங்கே இறங்கிய ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து கையொப்பமிட வேண்டியிருந்தது. ஜெர்மன் அறியாத எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயர்களை எழுதினர். இப்படி எத்தனையோ பெயர்கள் உருமாறின. ஐசன்ஹௌவரும் காலப்போக்கில் ஐசன்ஹோவர் ஆயிற்று.

அந்தக் குடும்பம் பென்சில்வேனியாவில் வேரூன்றியது. போரை ஏற்காத ஒரு கிறித்தவக் குழுவில் சேர்ந்தது. அந்தக் குழுவின் போதகராக இருந்த ஜேக்கப் ஐசன்ஹோவர் 1878-ல் கான்சஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய பேரன் ட்வைட் 1890-ல் பிறந்தார். அமெரிக்காவின் குடியரசுத் தலைவராகி, 1959-ல் இந்தியாவுக்கு வந்த ஐசன்ஹோவர் இவரே.

இப்போது கொஞ்சம் கணக்கு. கப்பலேறிய நிக்கலாஸ், ட்வைட்டுக்கு ஐந்து தலைமுறை முந்தியவர். பெற்றோர் இருவர், அவர்களுடைய பெற்றோர் நால்வர் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் இரண்டால் பெருக்கிக்கொண்டு போனால், ஐந்தாம் தலைமுறையில் 32 பேர் வருவார்கள். குடும்பப் பெயர் காட்டுவது அந்த 32 பேரில் ஒருவரை மட்டுமே! மற்ற 31 பேரும் அதே அளவுக்கு முன்னோர்தாம். ட்வைட்டின் தாயார் ஐடா ஸ்டோவர். பெற்றெடுத்த அந்தத் தாயின் குடும்பப் பெயர்கூடப் பிள்ளைகளுக்கு இறங்கவில்லை. பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போங்கள். 1,024 இடங்கள் வரும். அவற்றிலும் பெயர் தொடுவது ஓர் இடத்தைத்தான்.

பெயரும் எப்போதும் நிலைத்து நிற்பதில்லை. இந்தியாவின் கடைசி வைசிராய் மவுண்ட்பேட்டனை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் பிறந்தபோது குடும்பப் பெயர் பேட்டன்பெர்க். அது ஒரு ஜெர்மானிய ஊரின் பெயர். 'பெர்க்' என்றால் மலை. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஜெர்மானியப் பெயர்மீது வெறுப்பு மூண்டது. 1917-ல் 'பெர்க்' ஆங்கில 'மவுண்ட்' ஆகி முன்னால் வந்து நின்றது. பெயர் மாறியதால் மனிதர் மாறிவிட்டாரா?

இதெல்லாம் வெறும் சுவையான செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். 1933-ல் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்த ஹிட்லரின் அரசு, அரசுப் பணியில் உள்ளவர்கள் 'ஆரிய' வமிசத்தினர்தாமா என்று பாட்டன் பாட்டி வரை ஆராய்ந்தது. குவாண்டம் இயற்பியலை வளர்த்த மாக்ஸ் போர்ன், யூதர் என்பதால் அவ்வாண்டே பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலக்கப்பட்டார். 1938-ல் மற்றோர் ஆணை வந்தது. அரசின் பட்டியலில் யூதப் பெயராகக் குறிக்கப்படாத பெயர் கொண்ட யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது அது. இதில் ஒளிந்திருக்கும் உண்மையைக் கவனித்தீர்களா? ஒருவருடைய பெயர் அவருடைய வமிசத்தைக் காட்டிக்கொடுக்கும் என்றால், இப்படி ஓர் ஆணைக்குத் தேவையே இருந்திராது.

அந்த அரசை வீழ்த்த 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் நேசப்படைகள் இறங்கின. அவற்றின் தலைமைத் தளபதி கார்ல்ஸ்புருன் பெயரைத் தாங்கிய அதே ஐசன்ஹோவர்! பெயர் ஜெர்மானியப் பெயர். குடும்பம் போரை ஏற்காத சமயக் குழு. இவ்விரண்டில் எதை வைத்து அவருடைய செயலை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியும்?

ஒவ்வோர் அளவுகருவிக்கும் ஒரு வேலை உண்டு. வெப்பமானியைக் கொண்டு எடை பார்க்க முடியாது. குடும்பப் பெயரும் ஒரு கருவியே. மக்கள் எங்கிருந்து எங்கே போனார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று ஆராய அது நன்றாக உதவும். மனிதரின் மதிப்பை அளக்க உதவாது. அப்படி அளப்பது தவறு மட்டுமன்று. கணக்குத் தெரியாமையும் ஆகும் என்பது என் கருத்து.

இன்று மாலை ஒரு தாளை எடுங்கள். உங்கள் பெற்றோர் இருவர், தாத்தா பாட்டிமார் நால்வர், அவர்களுடைய பெற்றோர் எண்மர் என்று வரிசையாகப் பெயர் எழுதுங்கள். அந்த எட்டில் எத்தனை கட்டங்கள் நிரம்புகின்றன? நிரம்பாதவற்றில் பெண்களின் பெயர்கள் எத்தனை? வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்ல இருக்கும்போதே எழுதிவையுங்கள்.