அமிர்திக்குத் தை மாதம் எதற்கு?

காணும் பொங்கலன்று வேலூர் வட்டாரக் குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு அமிர்திக்குக் கிளம்பிவிடுகின்றன. நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், சவ்வாது மலையடிவாரம், 1967இல் தொடங்கிய சிறு உயிரியல் பூங்கா, அதைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்தால் அருவி. எல்லாம் சரி. ஆனால் தை பிறக்கும்போது அருவி மெலிந்திருக்கும். காணக் கிடைப்பவை பெரும்பாலும் மனிதத் தலைகளே.

அமிர்திக்குரிய பருவம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். நம் முன்னோர் அதைக் கூதிர் என்றனர். தொல்காப்பியம் கூதிரையும் யாமத்தையும் குறிஞ்சிக்கே உரிமையாக்கியது. மலையை எப்போது காண வேண்டும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? ஏறத்தாழ அதே நாட்களில், அக்டோபர் இறுதியில், இங்கிலாந்தில் ஹாலோவீனை ஒட்டிய விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பழைய மாளிகைகளுக்கும் இலையுதிரும் தோப்புகளுக்கும் அழைத்துச் செல்கிறார்கள். அங்கும் மழைதான், குளிர்தான். நாமோ தீபாவளி விடுமுறையைத் தொலைக்காட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இதில் இழப்பு ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கே அதிகம். தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996இல். அதற்குப் பின் பிறந்தவர்களும் ஆற்றை மணலாகவும் நுரையாகவுமே அறிந்திருக்கிறார்கள். பாறைமேல் தெளிந்த நீர் விழும் ஓசையை ஓர் ஐப்பசி ஞாயிறன்றாவது அவர்கள் கேட்கட்டும். வெள்ளம் மிகுந்து வனத்துறை வழியை அடைத்துவிட்டால், பூங்காவின் மான்களைப் பார்த்துவிட்டு, நனைந்தபடி திரும்பலாம்.