முதலில் பழுதுபார்க்க வேண்டியது வீடுகளை

1411-இல் சுல்தான் அகமது ஷா நிறுவிய அகமதாபாத் கோட்டை நகரம், 2017 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இந்திய நகரங்களில் இத்தகுதியை முதலில் பெற்றது அதுவே. மசூதிகள், கோட்டை வாயில்களோடு, ‘போள்’ எனப்படும் குறுந்தெருக்களும், மரவேலைப்பாடு மிகுந்த வீடுகளும், இந்து, முஸ்லிம், சமண மக்கள் அருகருகே வாழ்ந்துவந்த மரபும் இந்த அங்கீகாரத்திற்குக் காரணமாயின.

எனவே பாதுகாப்புத் திட்டத்தில் எதற்கு முன்னுரிமை என்பது வெறும் நிர்வாகப் பிரச்சனை அன்று; அது யாருக்கான நகரம் என்ற அரசியல் பிரச்சனையாகும். ஒளிவிளக்குகளும் சொகுசு விடுதிகளும் சுற்றுலா முதலீட்டாளருக்குப் பயன்படும். மழையில் உளுத்துப்போகும் உத்தரத்தை மாற்ற வழியற்ற குடும்பத்திற்கு அவற்றால் பயனில்லை. பாரம்பரிய வீட்டின் பயன்படுத்தப்படாத கட்டுமான உரிமையை விற்றுப் பழுதுபார்க்க அனுமதிக்கும் ஏற்பாடு உள்ளது. ஆனால் அது உரிமையாளரின் கையிலுள்ள சலுகை. வாடகைக்குக் குடியிருப்போர் அதைக் கோர இயலாது.

முன்னுரிமை வரிசை தெளிவாக இருக்க வேண்டும். முதலாவதாக, இடியும் நிலையிலுள்ள, மக்கள் குடியிருக்கும் வீடுகளைப் பொதுநிதியில் செப்பனிட வேண்டும். இரண்டாவதாக, குடிநீர், கழிவுநீர்க் குழாய்களைப் புதுப்பிக்க வேண்டும். மூன்றாவதாக, வாடகைதாரர்களை வெளியேற்றத்திலிருந்து காக்க வேண்டும்; தெருவோர வணிகர்களுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கும் பாதுகாப்பை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும். மரத்தச்சர், கொத்தனார்களுக்கு இப்பணிகளில் நியாயமான ஊதியத்துடன் வேலை தரவேண்டும். அலங்காரப் பணிகள் அதன் பின்னரே.

இவ்வரிசையைத் தீர்மானிக்கும் குழுக்களில் போள்வாசிகளுக்கும் உழைப்பாளர்களுக்கும் இடமளிக்க வேண்டும். மக்கள் வெளியேறிய பின் எஞ்சும் முகப்புகளை நகரம் என்று அழைக்க முடியாது.